சென்சார் தரும் பிட்டுகளைத் தப்பில்லாமல் எண்ணாக்குவது எப்படி?

ஃப்ரீஸருக்குள் ஒரு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார்; உள்ளே மைனஸ் 18 டிகிரி. ஆர்டுயினோ உனோவில் ஓடும் நிரல் -18.00 என்று சரியாகக் காட்டுகிறது. அதே நிரலை ஓர் எழுத்தும் மாற்றாமல் இஎஸ்பி32-இல் ஏற்றினால் 4078.00 என்கிறது. சென்சார் அனுப்பிய இரண்டு பைட்டும் இரண்டு போர்டிலும் ஒன்றேதான்: 11100000, 11111110. அவற்றை எண்ணாகச் சேர்த்த இடத்தில்தான் கோளாறு. இந்த வகைப் பிழை நம்மூர் அறை வெப்பத்தில் எத்தனை நாள் சோதித்தாலும் தலைகாட்டாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால்தான் வெளியே வரும்.

எந்தச் சென்சாரை எடுத்தாலும், வயர் மாட்டுவதற்கு முன்பே டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பில்) நான்கு விவரங்களைத் தேடி, நிரலின் தலைப்பகுதியில் கமென்ட்டாக எழுதி வையுங்கள். மொத்தம் எத்தனை பிட், அவை எந்தப் பக்கம் ஒட்டி நிற்கின்றன? மைனஸ் மதிப்பை எந்த முறையில் தருகிறது? கடைசி பிட்டின் மதிப்பு என்ன? எந்த பைட் முதலில் வருகிறது? இவை தெரியாதவரை 1111111011100000 என்பது வெறும் பதினாறு இலக்கம். குறியில்லாத எண்ணாகப் படித்தால் 65248, டூஸ் காம்ப்ளிமென்ட்டாக (முதல் பிட் 1 என்றால் குறியில்லாத மதிப்பிலிருந்து 65536-ஐக் கழிக்கும் முறை) படித்தால் -288, முதல் பிட்டை மட்டும் மைனஸ் குறியாக எடுத்தால் -32480.

கீழே வரும் நிரல் வரிகள் சி மொழிதான். படிக்க வசதியாகப் பெயர்கள் மட்டும் தமிழில்.

அனலாக் சென்சார்: எல்எம்35

எளிதானதிலிருந்து தொடங்கலாம். எல்எம்35 வெப்ப சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். உனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) 10 பிட். 0 முதல் 1023 வரை எண் கொடுக்கும். ரெஃபரன்ஸ் (அளவுக்கு உச்சமாக எடுக்கும் வோல்டேஜ்) 5 வோல்ட் என்றால் ஒரு படி 4.88 மில்லிவோல்ட், அதாவது கிட்டத்தட்ட அரை டிகிரி. 32 டிகிரிக்கு 320 மில்லிவோல்ட் வரும். ஏடிசி 65 என்று சொல்லும் (0001000001). அடுத்த படி 66. கணக்கில் 31.7 அல்லது 32.2, இடையில் எதுவும் கிடைக்காது. திரையில் இரண்டு தசம இடம் காட்டுவதால் அந்தத் துல்லியம் வந்துவிடாது.

இதற்கு மாற்று, சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ். அதில் ஒரு படி 1.07 மில்லிவோல்ட், 32 டிகிரிக்கு 297 (0100101001) வரும். கவனிக்க வேண்டியவை மூன்று. ரெஃபரன்ஸை மாற்றிய பிறகு வரும் முதல் ரீடிங்கைத் தூக்கிப் போடுங்கள், அது தவறாக இருக்கலாம். ஏரெஃப் பின்னில் வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்திருந்தால் உள் ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுக்கவே கூடாது, இரண்டும் ஷார்ட் ஆகும். மூன்றாவது, அந்த 1.1 வோல்ட் சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும். ஏரெஃப் பின்னில் மல்டிமீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணையே கணக்கில் போடுங்கள்.

எல்எம்35-க்கு இன்னொரு வசதி உண்டு: மில்லிவோல்ட் எண்ணிக்கையே டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. 319 மில்லிவோல்ட் என்றால் 31.9 டிகிரி. எனவே ஃப்ளோட் (தசம எண் வகை) தேவையே இல்லை:

மில்லிவோல்ட் = ((இன்ட்32_டி)ஏடிசி * 1100) / 1024

நடுவில் இருக்கும் அந்த 32 பிட் மாற்றத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். உனோவில் சாதாரண இன்ட் 16 பிட்; 32767-க்கு மேல் தாங்காது. 297 × 1100 = 326700. அது 16 பிட்டில் சுருண்டு -980 ஆகும்; 1024-ஆல் வகுத்தால் விடை 0. விடையை வாங்கும் மாறியை 32 பிட்டாக வைத்தாலும் பயனில்லை. பெருக்கல் நடப்பது இடது பக்க மாறியின் அளவில் அல்ல, பெருக்கப்படும் எண்களின் அளவில். உனோவில் ரீடிங் எப்போதும் 0 அல்லது சிறிய மைனஸ் எண்ணாகவே வருகிறது என்றால் முதலில் இந்த வரியைச் சந்தேகியுங்கள், சென்சாரை அல்ல.

சராசரி எடுக்கும்போதும் இதே கணக்குதான். 10 பிட் ரீடிங்குகளைக் குறியில்லாத 16 பிட் மாறியில் கூட்டினால் 64 வரை பத்திரம் (64 × 1023 = 65472). 65-ஆவது ரீடிங் சேர்ந்தால் வழிந்துவிடும். 16 ரீடிங்கைக் கூட்டி 4-ஆல் வகுத்தால் 12 பிட் போன்ற எண் கிடைக்கும். ஆனால் சிக்னலில் ஒரு படி அளவுக்காவது இரைச்சல் இருந்தால்தான் அது உண்மையான கூடுதல் துல்லியம். ரீடிங் அசையாமல் 297-லேயே நின்றால் பதினாறு முறை கூட்டினாலும் அதே 297 தான்.

டிஜிட்டல் சென்சார்: டிஎஸ்18பி20

இதன் நான்கு விவரங்கள்: 16 பிட்டில் வரும், டூஸ் காம்ப்ளிமென்ட், கடைசி பிட் 0.0625 டிகிரி (பதினாறில் ஒன்று), கீழ் பைட் முதலில். டேட்டா வயருக்கும் சப்ளைக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம்.

படித்து வரும் பைட்டுகளைக் குறியில்லாத 8 பிட் மாறிகளில் (மேல், கீழ்) வையுங்கள். பிறகு:

மூலம் = (இன்ட்16_டி)(((யுஇன்ட்16_டி)மேல் << 8) | கீழ்)

இது மேல் பைட்டை எட்டு இடம் இடப்பக்கம் தள்ளி, கீழ் பைட்டை அதனுடன் சேர்க்கிறது. இந்த வரியில் எதுவும் அலங்காரத்துக்கு இல்லை. வெளியே இருக்கும் இன்ட்16_டி தான் ஃப்ரீஸர் பிழையைத் தீர்ப்பது. வெறும் இன்ட் என்று எழுதினால் உனோவில் அது 16 பிட், முதல் பிட் தானாகவே மைனஸ் குறியாகிவிடும். இஎஸ்பி32-இல் இன்ட் 32 பிட். 65248 அதற்குள் சாவகாசமாக அடங்கிவிடும், மைனஸ் என்ற பேச்சே இல்லை. 65248-ஐ 16-ஆல் வகுத்தால் 4078. ஆகவே சென்சார் தரவைத் தொடும் எந்த மாறிக்கும் இன்ட், லாங் என்று எழுதாமல், பிட் எண்ணிக்கை பெயரிலேயே இருக்கும் வகைகளைப் பயன்படுத்துங்கள்.

கீழ் பைட்டைக் குறியில்லாமல் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. 11100000 என்பதைக் குறியுள்ள 8 பிட் மாறியில் வைத்தால் அது -32. ஆர் (|) செய்யும் முன் கம்பைலர் அதை அகலப்படுத்தும்போது மேலே எட்டு 1-களை நிரப்பும். உங்கள் மேல் பைட் அந்த 1-களுக்குள் மூழ்கிவிடும். சி மொழியின் 8 பிட் 'சார்' (char) வகையை நம்பவும் கூடாது: உனோ சிப்பின் குடும்பமான ஏவிஆரின் கம்பைலரில் அது குறியுள்ளது, பெரும்பாலான ஆர்ம் கம்பைலர்களில் குறியில்லாதது.

கையால் சரிபார்க்க: முதல் பிட் 1 என்றால் எல்லா பிட்டையும் புரட்டி 1 கூட்டுங்கள். 1111111011100000 புரட்டினால் 0000000100011111. 1 கூட்டினால் 0000000100100000, அதாவது 288. மைனஸ் போட்டு 16-ஆல் வகுக்க -18.

பைட் வரிசை தலைகீழானால் அதற்கென ஓர் அடையாளம் உண்டு. கடைசி பிட் ஒன்று மாறினாலே காட்டும் மதிப்பு 16 டிகிரி தாவும் (256 × 0.0625). சென்சாரை விரலால் தொடுங்கள். ரீடிங் மெல்ல ஏறாமல் பதினாறு பதினாறாகக் குதித்தால் மேலும் கீழும் இடம் மாறியிருக்கின்றன.

திரையில் காட்டும் கட்டத்தில்தான் நல்ல நிரலும் சறுக்கும். -0.5 டிகிரியை எடுங்கள். மூல எண் -8. முழுப் பகுதிக்கு 16-ஆல் வகுத்தால் 0, பின்னம் 0.5, மைனஸ் காணாமல் போய்த் திரையில் 0.5. சரி, வகுத்தலுக்குப் பதில் வலப்பக்கம் 4 பிட் தள்ளலாம் என்றால் -8 >> 4 என்பது -1; பின்னத்துக்கு, கடைசி நான்கு பிட்டை மட்டும் எடுக்கும் -8 & 15 என்பது 8; திரையில் -1.5. இரண்டும் தவறு. குறியை முதலில் தனியே எடுத்துவிடுவதே வழி:

மைனஸ் = (மூலம் < 0)
அளவு = மைனஸ் ? -மூலம் : மூலம்
முழு = அளவு >> 4
பின்னம் = (அளவு & 15) * 625

பிறகு மைனஸ் குறி, முழு, புள்ளி, பின்னம் என்று அச்சிடுங்கள். பின்னத்தை எப்போதும் நான்கு இலக்கமாக, முன்னால் பூஜ்ஜியம் நிரப்பி அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் 25.0625 என்பது 25.625 என்று வரும். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், ஏனென்றால் இரண்டுமே நம்பும்படியான வெப்பம்.

ஃப்ளோட் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், கடைசியில் காட்டுவதற்கு மட்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் சேமிக்க, ஒப்பிட, அனுப்ப மூல எண்ணே நல்லது. உனோவில் ஃப்ளோட் கணக்குக்கு வன்பொருள் கிடையாது, டபுள் என்று எழுதினாலும் அதே 32 பிட் தான், எஸ்பிரிண்ட்எஃப் வழியாக ஃப்ளோட்டை அச்சிட்டால் கேள்விக்குறி ஒன்றுதான் வரும்.

பொய் சொல்லும் பிட்டுகள்

எண் சரியாக மாற்றப்பட்டாலும் அது வெப்பமாக இருக்க வேண்டியதில்லை. டிஎஸ்18பி20-இல் அடிக்கடி வரும் சில:

85.0000 (0000010101010000, அதாவது 1360): மின்சாரம் வந்தவுடன் சென்சாரின் ரெஜிஸ்டரில் இருக்கும் எண். அளவீடு முடிவதற்குள் படித்திருக்கிறீர்கள், அல்லது நடுவில் சப்ளை விட்டுப்போய் சென்சார் ரீசெட் ஆகியிருக்கிறது. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். 9 பிட்டுக்கு 93.75 போதும். ஆனால் 9 பிட்டில் வைத்தால் கடைசி மூன்று பிட்டுகளில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, மாஸ்க் செய்து (0 ஆக்கி) நீக்குங்கள்.

-0.0625: எல்லா பிட்டும் 1. வயர் விட்டுப்போய் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் லைனை மேலேயே இழுத்து வைத்திருக்கிறது. சென்சார் தரும் ஒன்பது பைட்டையும் படித்து சிஆர்சி (கடைசி பைட்டில் வரும் பிழைச் சோதனை எண்) பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

0.0000: இதுதான் விஷமக்காரன். டேட்டா லைன் கிரவுண்டோடு ஷார்ட் ஆனால் ஒன்பது பைட்டும் 0. எட்டு பூஜ்ஜிய பைட்டின் சிஆர்சியும் 0. சோதனை பாஸ்! ஐந்தாவது பைட்டையும் பாருங்கள். அது கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர். சரியான சென்சாரில் 31, 63, 95, 127 ஆகிய நான்கில் ஒன்றுதான் இருக்க முடியும். 0 என்றால் அந்த ரீடிங் செல்லாது.

புகழ்பெற்ற -127 சென்சார் தருவதே இல்லை. சென்சார் கிடைக்காதபோது டல்லஸ் டெம்பரேச்சர் லைப்ரரி திருப்பும் எண் அது. அதை அப்படியே சராசரிக்குள் சேர்த்தால் உங்கள் வரைபடத்தில் பள்ளம் விழும்.

டிஎச்டி22: மைனஸுக்கு வேறு முறை

டிஎச்டி22 வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் சென்சார். டிஎஸ்18பி20-க்கு எழுதிய வரியை இதற்கு ஒட்டினால் வேலை செய்யாது. 40 பிட் வரும்: ஈரப்பதம் 16, வெப்பம் 16, செக்சம் 8. மேல் பைட் முதலில். கடைசி பிட் 0.1. வெப்பத்தின் முதல் பிட் வெறும் மைனஸ் குறி, மீதி 15 பிட் அளவு.

ஓர் உதாரணம்: 00000010 10001100 00000001 01011111 11101110. முதல் இரண்டு பைட் 652, ஈரப்பதம் 65.2 சதவீதம். அடுத்த இரண்டு 351, வெப்பம் 35.1. செக்சம் நான்கு பைட்டின் கூட்டல்: 2 + 140 + 1 + 95 = 238, அதாவது 11101110. கூட்டலின் கடைசி 8 பிட்டை மட்டுமே ஒப்பிட வேண்டும். கூட்டும் மாறியைக் குறியில்லாத 8 பிட்டாக வைத்தால் அது தானாக நடக்கும்.

1000000001100101 வந்தால்:

அளவு = மொத்தம் & 32767
(மொத்தம் & 32768) இருந்தால் அளவு = -அளவு

விடை -101, அதாவது -10.1 டிகிரி. இதையே டூஸ் காம்ப்ளிமென்ட்டாகப் படித்தால் -3266.7 வரும். இரண்டு செகண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இதைக் கேட்காதீர்கள்.

8-க்கும் 16-க்கும் அடங்காத அகலங்கள்

எடை பார்க்கும் எச்எக்ஸ்711 தருவது 24 பிட் டூஸ் காம்ப்ளிமென்ட். சி மொழியில் பொதுவாக 24 பிட் வகை கிடையாது. 32 பிட்டில் வைத்தால் மைனஸ் குறி 23-ஆவது பிட்டிலேயே தங்கிவிடும். மேலே எட்டு 1-களை நாமே நிரப்ப வேண்டும். இஃப் இல்லாமல் ஒரே வரியில் செய்யலாம் (^ என்பது இங்கே அடுக்கு அல்ல, எக்ஸ்ஆர்; அந்த பிட்டைப் புரட்டும்):

மதிப்பு = (மதிப்பு ^ 8388608) - 8388608

8388608 என்பது குறி பிட்டின் மதிப்பு. எந்த அகலத்துக்கும் இந்த வித்தை செல்லும், எண்ணை மட்டும் மாற்றினால் போதும். 12 பிட்டுக்கு 2048: டிஎம்பி102 சென்சார் -25 டிகிரிக்குத் தரும் 111001110000 (3696) இதில் போட்டால் 1648 - 2048 = -400; 16-ஆல் வகுக்க -25. மூன்று பைட்டைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றையும் முதலில் 32 பிட்டாக்கிய பிறகே 16 இடம் தள்ளுங்கள். 16 பிட் இன்ட்டை 16 இடம் தள்ளினால் என்ன வரும் என்று சி மொழி எந்த உறுதியும் தருவதில்லை. எச்எக்ஸ்711 தொடர்ந்து 8388607 அல்லது -8388608 கொடுத்தால் அது எடை இல்லை. லோட் செல் (எடையை உணரும் பாகம்) வயர் விட்டிருக்கிறது அல்லது உள்ளீடு அளவு மீறியிருக்கிறது.

எல்எம்75 போன்ற வெப்ப சென்சார்கள் இடப்பக்கம் ஒட்டித் தருகின்றன. 9 பிட் வெப்பம் 16 பிட்டின் மேல் பகுதியில் இருக்கும், கீழே 7 பிட் பயனில்லாதவை. குறியுள்ள 16 பிட்டாகச் சேர்த்த பிறகு 7 இடம் வலப்பக்கம் தள்ளினால் அரை டிகிரிக் கணக்கில் எண் கிடைக்கும். குறியில்லாத மாறியைத் தள்ளினால் இடப்பக்கம் 0 நிரம்பி மைனஸ் போய்விடும், எனவே வரிசை முக்கியம். முழு டிகிரி போதும் என்றால் மேல் பைட்டையே குறியுள்ள 8 பிட்டாகப் படித்து முடித்துவிடலாம்.

முடுக்கம் அளக்கும் எம்பியு6050-இல் சிக்கல் குறைவு: 16 பிட் டூஸ் காம்ப்ளிமென்ட், மேல் பைட் முதலில், இரண்டு ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வரம்பில் ஒரு ஜிக்கு 16384. பிஎம்இ280 தரும் காற்றழுத்தம் 20 பிட், மூன்று ரெஜிஸ்டரில் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் படித்தால் நடுவில் புதிய அளவீடு வந்து பழைய மேல் பைட்டும் புதிய கீழ் பைட்டும் கலந்துவிடலாம். ஒரே தொடராகப் படியுங்கள்.

இந்தக் கலப்பு உங்கள் நிரலுக்குள்ளேயும் நடக்கும். 8 பிட் ஏவிஆர் சிப் 16 பிட் மாறியை இரண்டு தடவையில் படிக்கிறது. இன்டரப்ட்டில் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் நிரல் பகுதியில்) மாறும் எண்ணிக்கை 255-லிருந்து 256-க்குப் போகும் நேரத்தில் பழைய கீழ் பைட்டையும் (11111111) புதிய மேல் பைட்டையும் (00000001) எடுத்தால் கிடைப்பது 511. எப்போதாவது ஒரு முறை மட்டும் வரும் விசித்திரமான தாவலுக்குப் பல நேரம் இதுதான் காரணம். இன்டரப்ட்டை நிறுத்தி, மாறியை நகலெடுத்து, மீண்டும் இயக்குங்கள். மாறிக்கு வாலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்ற குறிப்பு) என்று போடுவது மட்டும் இதைத் தடுக்காது.

சென்சார் இல்லாமலே சோதித்தல்

மாற்றும் வரிகளைத் தனி ஃபங்ஷனாக எழுதினால் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். டிஎஸ்18பி20-க்கு இந்த ஐந்தைக் கொடுங்கள், விடை இப்படி வர வேண்டும்:

0000011111010000 → 125.0000
0000000110010001 → 25.0625
1111111111111000 → -0.5000
1111111101011110 → -10.1250
1111110010010000 → -55.0000

இரண்டாவது பூஜ்ஜிய நிரப்பலையும், மூன்றாவது குறி கையாளுதலையும் பிடிக்கும். லேப்டாப்பில் இன்ட் 32 பிட் என்பதால் இஎஸ்பி32 பிழையும் அங்கேயே வெளிப்படும்.

ரேடியோவில் அனுப்ப நான்கு பைட்டில் அடைத்தல்

லோரா போன்ற குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் அனுப்பும் ரேடியோவில் ஒவ்வொரு பைட்டும் பேட்டரிச் செலவு. "25.1,65.2,3.70" என்று எழுத்தாக அனுப்பினால் 14 பைட். பிட்டுகளாக அடைத்தால் 4 போதும்.

வெப்பம் -55 முதல் 125 வரை, 0.1 படியில்: 1801 மதிப்புகள், 11 பிட். மைனஸ் தொல்லை வேண்டாம் என்று 550 கூட்டி அனுப்புங்கள். ஈரப்பதம் 0 முதல் 100.0: 1001 மதிப்புகள், 10 பிட். பேட்டரி 0 முதல் 5 வோல்ட், 20 மில்லிவோல்ட் படியில்: 251 மதிப்புகள், 8 பிட். மீதி 3 பிட் பழுதுக் கொடிகளுக்கு. சென்சார் வேலை செய்யாததைச் சொல்ல அதைப் பயன்படுத்துங்கள், -127 போன்ற மாய எண்ணை அல்ல.

கட்டு = ((யுஇன்ட்32_டி)வெப்பம் << 21) | ((யுஇன்ட்32_டி)ஈரம் << 11) | ((யுஇன்ட்32_டி)பேட்டரி << 3) | கொடி

35.1 டிகிரி என்றால் 901 (01110000101), 65.2 சதவீதம் 652 (1010001100), 3.70 வோல்ட் 185 (10111001), கொடி 000. மேல் பைட் முதலில் வைத்து அனுப்பினால் போகும் பைட்டுகள் 112, 180, 101, 200. பெறும் பக்கத்தில் இந்த நான்கைக் கொடுத்து அதே மூன்று மதிப்பும் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

அடைக்கும் முன் ஒவ்வொரு எண்ணும் தன் வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதிப்பது அவசியம். ஈரப்பதம் ஏதோ கோளாறில் 1030 ஆனால் அதன் பதினோராவது பிட் பக்கத்தில் இருக்கும் வெப்பத்தின் கடைசி பிட்டில் போய் உட்காரும். பழுது ஈரப்பதத்தில், தவறு வெப்பத்தில் தெரியும். சி மொழியின் பிட்ஃபீல்டு ஸ்ட்ரக்ட்டை (ஒவ்வொரு உறுப்புக்கும் எத்தனை பிட் என்று சொல்லும் அமைப்பை) வைத்து இந்த வேலையைச் செய்யத் தோன்றும், எழுதவும் அழகாக இருக்கும். ஆனால் பிட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது என்பதை ஒவ்வொரு கம்பைலரும் தானே முடிவு செய்யலாம். அனுப்புவது ஏவிஆர், பெறுவது வேறொன்று என்றால் தள்ளலும் ஆர்-உம் மட்டுமே நம்பத்தக்கவை.